சொல்வளத்துக்கு வரைபடம்: எந்தச் சொல்லுக்கு எது பொருந்தும்?

ஈராசிரியர் பள்ளி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். 3, 4, 5 மூன்று வகுப்பும் ஒரே அறையில், மொத்தம் 26 பிள்ளைகள். தமிழ்ப் பாடத்தில் சொல்வளம் கற்பிப்பது பற்றிக் கேட்க வேண்டும்.

பாட முடிவில் வரும் சொல்–பொருள் பட்டியலை மனப்பாடம் செய்து தேர்வில் சரியாக எழுதிவிடுகிறார்கள். அதே சொல் வேறொரு கதையில் வந்தால் தெரியவில்லை என்கிறார்கள். சொந்தமாக வாக்கியம் அமைக்கச் சொன்னால் “சிக்கனம் நல்லது”, “துணிவு நல்லது”, “ஒற்றுமை நல்லது” என்று எல்லாச் சொல்லுக்கும் ஒரே அச்சு.

கிராஃபிக் ஆர்கனைசர் (கருத்துகளை ஒழுங்குபடுத்திக் காட்டும் வரைபடம்) என்று பயிற்சிகளில் சொல்வதில் இரண்டைப் பயன்படுத்துகிறேன். ஒன்று மன வரைபடம். நடுவில் ‘காடு’ என்று எழுதினால் சுற்றிலும் மரம், புலி, யானை, சிங்கம் என்று ஏற்கெனவே தெரிந்த சொற்களே நிரம்புகின்றன. பாடத்தின் புதுச்சொல் ஒன்றுகூட வருவதில்லை. இன்னொன்று ஃப்ரேயரின் நான்கு கட்டம்: நடுவில் சொல், சுற்றிலும் பொருள், பண்புகள், எடுத்துக்காட்டு, எடுத்துக்காட்டு அல்லாதவை. ‘பொருள்’ கட்டத்தில் புத்தகத்தைப் பார்த்து எழுதுகிறார்கள். ‘எடுத்துக்காட்டு அல்லாதவை’ கட்டத்தில் எதிர்ச்சொல்லை எழுதிவிட்டு முடித்துவிட்டோம் என்கிறார்கள்.

எந்த வகைச் சொல்லுக்கு எந்த வரைபடம்? வாரத்துக்கு எத்தனை சொல் எடுக்கலாம்? எழுதத் திணறும் பிள்ளைகளை எப்படிச் சேர்த்துக்கொள்வது? சார்ட், ஜெராக்ஸ் செலவில்லாமல் முடியுமா?

மொழிக் கருத்தாளர்

டீச்சர், மன வரைபடம் செய்ய வேண்டிய வேலையைத்தான் செய்திருக்கிறது. தெரிந்ததை வெளியே கொண்டுவருவதுதான் அதன் வேலை. பாடம் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் அதற்குப் போதும். நடுவில் வைத்த ‘காடு’ எல்லாருக்கும் தெரிந்த சொல், அதனால் சுற்றிலும் தெரிந்த சொல்தான் வரும். பாடம் நடத்தி முடித்த பிறகு அதே படத்துக்குத் திரும்பி, அடர்ந்த, புதர், குகை, வேட்டை போன்ற பாடச் சொற்களை வேறு நிறத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்கும்போது “இதை எந்தக் கோட்டில் மாட்டலாம், ஏன்?” என்று கேட்க வேண்டும். இந்த இரண்டாம் சுற்றைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம்.

எந்தப் படம் என்று யோசிக்கும் முன் சொல்லை ஒரு கேள்விக்கு உட்படுத்துங்கள்: பிள்ளைக்குப் பொருளும் புதிதா, பெயர் மட்டும் புதிதா?

கதிரவன், செவி, அங்காடி இவையெல்லாம் பெயர் மட்டும் புதிது. சூரியனையும் காதையும் கடையையும் தெரியாத குழந்தை இல்லை. இவற்றுக்கு நான்கு கட்டம் போட்டால் நேரம்தான் வீண். நோட்டில் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் ‘வீட்டில் சொல்வது’, வலப்பக்கம் ‘புத்தகத்தில் வருவது’ என்று தலைப்பிட்டு ஒரு கோடு இழுத்தால் போதும். பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் இடையே இவ்வளவு தூரம் இருக்கும் மொழியில் பாடப் பட்டியலின் பெரும்பகுதி இந்த வகையாகவே இருக்கும். உங்கள் ஊரில் மட்டும் வழங்கும் சொல்லையும் இடப்பக்கம் எழுத விடுங்கள், அதைத் தவறு என்று அடிக்க வேண்டாம்.

ஏற்றம் (கிணற்றில் நீர் இறைப்பது), கலப்பை, குரும்பை போன்றவை கண்ணால் பார்க்கும் பொருள்கள். பொருளையோ படத்தையோ காட்டிப் பெயரைச் சொன்னால் முடிந்தது. வரைபடம் தேவையில்லை.

மிஞ்சுவது சிக்கனம், நேர்மை, பொறுமை, உரிமை, மாசு, வறட்சி போன்ற சொற்கள். நான்கு கட்டம் இவற்றுக்குத்தான். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டோரத்தி ஃப்ரேயரும் உடன் பணியாற்றியவர்களும் 1969-இல் இதை வெளியிட்டபோது, ஒரு கருத்தை மாணவர் எவ்வளவு ஆழமாகப் புரிந்திருக்கிறார் என்று சோதிக்கும் சட்டகமாகவே அது இருந்தது. எல்லாச் சொல்லுக்கும் போட வேண்டிய படிவமாக அது பிறக்கவில்லை.

நிரப்பும் வரிசைதான் முக்கியம். ‘பொருள்’ கட்டம் முதலில் இருப்பதால் பிள்ளைகள் அங்கிருந்து தொடங்குகிறார்கள், புத்தகத்தைப் பார்க்கிறார்கள், சிந்தனை அங்கேயே நின்றுவிடுகிறது. வரிசையைத் திருப்புங்கள். ‘சிக்கனம்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் நீங்களே ஐந்தாறு சூழலை வாயால் சொல்லுங்கள். பல் துலக்கும்போது குழாயை மூடிவைத்தான். நோட்டின் இரண்டு பக்கமும் எழுதினாள். பசித்தபோதும் காசு செலவாகும் என்று சாப்பிடாமல் இருந்தார். பென்சில் உடைந்துபோனதும் புதிது வாங்காமல் சீவி எழுதினான். காய்ச்சல் வந்தும் மருந்து வாங்காமல் இருந்தார். கேட்கும் ஒவ்வொன்றுக்கும் பிள்ளைகள் கட்டைவிரலை மேலேயோ கீழேயோ காட்டட்டும். சாப்பிடாமல் இருந்தவரிடம் வகுப்பு இரண்டாகப் பிரியும். அந்த விவாதத்தை அவசரப்பட்டு முடித்துவைக்காதீர்கள். “அவருக்கு அது தேவையா, இல்லையா?” என்ற ஒரு கேள்வி மட்டும் போடுங்கள். ‘தேவையானதற்குச் செலவு செய்வது, தேவையில்லாததற்குச் செய்யாமல் இருப்பது’ என்பது அவர்கள் வாயிலிருந்தே வரும். அதுதான் மூன்றாவது கட்டம், அதாவது பண்புகள். அதன்பிறகே பொருள் கட்டம், அதுவும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு.

எதிர்ச்சொல் வருவதற்குக் காரணம் கட்டத்தின் தலைப்புதான். ‘எடுத்துக்காட்டு அல்லாதவை’ என்றால் குழந்தைக்கு ஒன்றும் புரியாது. ‘இதுபோலத் தெரியும், ஆனால் இது இல்லை’ என்று எழுதிப் பாருங்கள். ‘வீண்செலவு’ வெகு தூரத்தில் இருக்கும் சொல், அது எல்லையைக் காட்டாது. ‘கஞ்சத்தனம்’ பக்கத்திலேயே இருக்கிறது. சிக்கனம் எங்கே முடிகிறது என்று குழந்தைக்குக் காட்டுவது அதுதான். துணிவுக்கு முரட்டுத்தனம், பொறுமைக்குச் சோம்பல் என்று இப்படி ஒரு பக்கத்து வீட்டுச் சொல்லைப் பாடக்குறிப்பிலேயே முன்கூட்டி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் நின்றுகொண்டு யோசித்தால் வராது.

கட்டம் போட ஸ்கேல் வேண்டாம். தாளை இரண்டாக மடித்து, மறுபடி குறுக்கே மடித்து விரித்தால் நான்கு கட்டம். மடிப்புகள் சேரும் இடத்தில் சொல்லை எழுதி வட்டம் போடலாம். 3-ஆம் வகுப்புப் பிள்ளை ஸ்கேல் வைத்துக் கட்டம் போட எடுக்கும் நேரத்தில் பாடவேளையின் கால்பங்கு போய்விடும்.

சாக்பீஸ்

சார் சொன்னதில் நான்கு கட்டம் வரை சரி. ஆனால் மூன்றாம் வகுப்புக்கு அது எழுத்து வேலை அதிகம். தொடக்கநிலைக்கு என் முதல் தேர்வு கூட்டல்–கழித்தல் கட்டம்தான். ஒரு சொல்லைத் தனியாக வைத்துப் பொருள் கேட்டால் குழந்தை திணறும். நெருங்கிய சொல்லோடு சேர்த்து வைத்தால் வித்தியாசத்தை அதுவே சொல்லிவிடும். தமிழில் இதற்குச் சரக்குக்குப் பஞ்சமில்லை.

வினைச்சொல்லில் தொடங்குங்கள். இடப்பக்கம் சொற்கள், மேலே கேள்விகள்:

கேள்விகள்: கருவி வேண்டுமா? / விரலே போதுமா? / பல துண்டாகுமா? / மேற்பகுதி மட்டும் போகுமா?

வெட்டு: + / − / ? / −
நறுக்கு: + / − / + / −
சீவு: + / − / − / +
கிள்ளு: − / + / − / ?
அறு: + / − / ? / −

மரத்தை வெட்டு, வெங்காயத்தை நறுக்கு, பென்சிலைச் சீவு, மிளகாய்க் காம்பைக் கிள்ளு, கதிரை அறு என்று ஒவ்வொரு சொல்லோடும் ஒரு பொருளைச் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். சொல்லை மட்டும் கேட்டால் ஊகம்தான் வரும்.

இப்போது வெட்டு, அறு இரண்டு வரிசையையும் பாருங்கள், அப்படியே ஒன்றுபோல இருக்கின்றன. வரைபடம் வேலை செய்யத் தொடங்குவது இங்கேதான். “இரண்டும் ஒன்றா?” என்று கேளுங்கள். கிராமத்துப் பிள்ளை உடனே கையை ஆட்டிக் காட்டும். வெட்டுவது ஓங்கி, அறுப்பது இழுத்து. ‘இழுத்து இழுத்துச் செய்வதா?’ என்று ஐந்தாவது கேள்வியைச் சேர்த்தால் இரண்டும் பிரிந்துவிடும். அந்தக் கேள்வியைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும், ஆசிரியர் முன்கூட்டி எழுதிவிடக் கூடாது. கேள்வி சேர்க்கச் சேர்க்க இரண்டு வரிசையும் ஒன்றாகவே இருந்தால் அவை உண்மையிலேயே ஒருபொருட் சொற்கள். அதுவும் ஒரு கண்டுபிடிப்புதான்.

கவனிக்க வேண்டியவை: ஐந்து சொல், நான்கு கேள்விக்கு மேல் தொடங்காதீர்கள். 5 × 4 என்றாலே 20 முடிவு, 40 நிமிடத்தில் அதைப் பேசி முடிப்பதே கஷ்டம். எல்லா வரிசையிலும் ‘+’ வாங்கும் கேள்வி எதையும் பிரித்துக் காட்டாது, அதை நீக்கிவிடுங்கள். ‘?’ போட அனுமதி கொடுங்கள். கீரையைச் சில வீட்டில் அரிவார்கள், சில வீட்டில் நறுக்குவார்கள், ஆய்வது வேறு வேலை. ‘?’ இல்லாவிட்டால் வாய் பெரிய பிள்ளை சொன்னதே விடையாகிவிடும்.

மரபுச் சொற்களுக்கும் இதே கட்டம்தான். உண், தின், பருகு மூன்றையும் சோறு, முறுக்கு, பால் மூன்றோடும் பொருத்திப் பார்க்கச் சொன்னால் பட்டியலை ஒப்பிக்கத் தேவையிருக்காது. ‘மெல்ல வேண்டுமா?’ என்ற ஒரே கேள்வி பருகுவதைத் தனியே பிரித்துவிடும்.

ஈராசிரியர் பள்ளி

மிக்க நன்றி சார், மேடம். ‘பக்கத்து வீட்டுச் சொல்’ என்பது உடனே பிடிபட்டது. இரண்டு கேள்வி. மழை, காற்று போன்றவற்றில் அளவு காட்டும் சொற்களுக்குக் கோடு போட்டு வரிசைப்படுத்தலாமா? பல பொருள் தரும் சொல்லுக்கு என்ன செய்வது? எழுதத் திணறும் பிள்ளைகள் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

சொல்மரம்

கோடு போடலாம், ஆனால் ஒரு கோட்டில் ஒரே அளவுதான் இருக்க வேண்டும். மழைக்குக் கோடு போட்டால் தூறல், மழை, கனமழை வரிசையாக உட்காரும். பிள்ளைகள் சாரலையும் அடைமழையையும் கொண்டுவருவார்கள். சாரல் காற்றோடு சாய்ந்து வருவது. அடைமழை விடாமல் பெய்வது, அதில் முக்கியம் நேரம். இரண்டையும் கனத்தின் கோட்டில் திணித்தால் தவறான பொருளைச் சொல்லிக் கொடுத்ததாகிவிடும். கோட்டுக்குக் கீழே ‘இந்தக் கோட்டில் உட்காராதவை’ என்று ஒரு பெட்டி போட்டு, பக்கத்தில் காரணத்தை எழுதச் சொல்லுங்கள். தண்ணீரின் சூட்டுக்கான கோடு இன்னும் எளிது: குளிர்ந்த, வெதுவெதுப்பான, சூடான, கொதிக்கிற. தொடக்கத்துக்கு அதை எடுக்கலாம்.

கோட்டின் இரு முனையை மட்டும் நீங்கள் எழுதுங்கள். நடுச்சொற்களைத் துண்டுத்தாளில் எழுதிப் பிள்ளைகள் கையில் கொடுத்து, வரிசையாக வந்து நிற்கச் சொல்லுங்கள். “நீ ஏன் இவளுக்கு முன்னால் நிற்கிறாய்?” என்று கேட்டால் பதில் முழு வாக்கியமாக வரும்.

பல பொருள் தரும் சொல்லுக்குப் பூப்படம். நடுவில் ‘படி’. இதழ்களில் பொருளை எழுதக் கூடாது, வாக்கியத்தை எழுத வேண்டும். ‘பாடத்தைப் படி’, ‘மூன்றாவது படியில் உட்கார்’, ‘ஒரு படி அரிசி’, ‘புத்தகத்தில் தூசி படிந்தது’. பொருளை எழுதவிட்டால் மறுபடி மனப்பாடம்தான். ஆறு, மாலை, திங்கள் மூன்றும் மூன்றாம் வகுப்புக்கு ஏற்றவை. ஒரு பூவுக்கு மூன்று இதழ் போதும். அழகுக்காக எட்டு இதழ் வரைந்துவிட்டு மீதியை நிரப்பப் பிள்ளைகள் படாத பாடு படுவதைப் பல வகுப்பறைச் சுவர்களில் பார்க்கலாம்.

யாரும் சொல்லாத ஒன்று மரப்படம். ஒரு வேர்ச்சொல், அதிலிருந்து கிளைகள். எனக்கு மற்ற எல்லாப் படத்தையும்விட இதன்மேல்தான் நம்பிக்கை. மற்றப் படங்கள் அன்றைய சொல்லைத் தரும், இதைப் பழகிய பிள்ளையோ நாளை புத்தகத்தில் வரும் தெரியாத சொல்லைத் தானே உடைத்துப் பார்க்கும். வேரில் ‘நட’. கிளைகளில் நடை, நடத்து, நடத்தை, நடப்பு, நடைபாதை, நடைமேடை, நடைமுறை. நட, நடை இரண்டும் முதல் வகுப்பிலேயே தெரியும். அங்கிருந்து ‘நடத்தை’ ஒரு கிளை தூரம்தான்.

இதில் வரும் பிழை ஒலி ஒற்றுமை. ‘நட’ மரத்தில் யாராவது ‘நடவு’ என்று தொங்கவிடுவார்கள். அது ‘நடு’ என்ற வினையிலிருந்து வருவது, நாற்று நடுவது. ‘நடுவர்’ வரும், அது நடுவில் நிற்பவர். அழிக்க வேண்டாம். பக்கத்தில் நாற்று நடும் ‘நடு’வுக்கு ஒரு செடி, மத்தி என்ற ‘நடு’வுக்கு இன்னொரு செடி வரைந்து அந்தந்த இடத்தில் மாற்றி நடச் சொல்லுங்கள். எந்தச் சொல்லைச் சேர்த்தாலும் “இதற்குள் நடப்பது எங்கே இருக்கிறது?” என்று கேட்க வேண்டும். நடைமேடையில் நடப்பவர் இருக்கிறார். நடத்தையில் ஒருவர் நடந்துகொள்ளும் விதம் இருக்கிறது. நாற்று நடுவதில் அது இல்லை.

மூன்றாம் வகுப்பு

எழுதத் திணறும் பிள்ளைகள் பற்றி. தமிழ்நாட்டின் எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில் அரும்பு நிலையில் (அரும்பு, மொட்டு, மலர் மூன்றில் தொடக்க நிலை) இருக்கும் பிள்ளைக்குச் சொல்லின் பொருள் புரிவதில் பெரும்பாலும் குறை இருக்காது, எழுத்தில்தான் தடை. எழுத முடியாது என்று அவர்களைப் படம் வரைய மட்டும் உட்கார வைத்தால் சொல் அவர்கள் பக்கம் வராமலே போய்விடும். வகுப்பில் பேச்சு ஓடும், அவர்கள் பச்சை அடித்துக்கொண்டிருப்பார்கள்.

சாக்பீஸ் மேடம் சொன்ன கூட்டல்–கழித்தல் கட்டம் இவர்களுக்கு மிகப் பொருத்தம். சிமெண்ட் தரையில் சாக்பீஸால் பெரிதாகப் போடுங்கள், ஒவ்வொரு கட்டமும் ஒரு முழம் இருந்தால் சுற்றி உட்கார்ந்து எல்லாரும் பார்க்கலாம். ‘+’ என்றால் புளியங்கொட்டை, ‘−’ என்றால் சின்னக் கல். எடுத்து வைக்கும் பிள்ளை காரணத்தை வாயால் சொல்ல வேண்டும். மற்றவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் கொட்டையை எடுத்துவிட்டுத் தன் காரணத்தைச் சொல்லலாம். தாளில் எழுதியதை மாற்றப் பிள்ளைகள் தயங்குவார்கள், கொட்டையை மாற்றத் தயங்க மாட்டார்கள். சார்ட் செலவும் இல்லை.

நான்கு கட்டம் போடும்போது நான்கு பேர் குழுவுக்கு ஒரே தாள். எழுதுபவர் ஒருவர், மற்ற மூவரும் சொல்பவர்கள். சொல்பவர் சொன்னதை எழுதுபவர் தன் விருப்பத்துக்கு மாற்றக் கூடாது. எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். தான் சொன்ன வாக்கியத்தை எழுத்தில் பார்ப்பதே அரும்பு நிலைப் பிள்ளைக்கு வாசிப்புப் பயிற்சி. அந்த வாக்கியத்தை மட்டும் தன் நோட்டில் பார்த்து எழுதினால் அன்றைக்குப் போதும்.

ஒரே அறையில் மூன்று வகுப்பு என்பதால் ஒரே சொல்லை மூவருக்கும் எடுக்கலாம். ‘வறட்சி’ என்றால் 3-ஆம் வகுப்பு படமும் ஒரு வாக்கியமும், 4-ஆம் வகுப்பு நான்கு கட்டம், 5-ஆம் வகுப்பு வறண்ட, வறள், வறட்டு என்று மரமும் சேர்த்து.

மொழிக் கருத்தாளர்

வாரத்துக்கு எத்தனை என்பதற்குப் பதில் சொல்ல விட்டுப்போனது. பாடத்தில் 12 சொல் இருந்தால் 12-க்கும் படம் போட வேண்டாம். வீட்டுச் சொல்–புத்தகச் சொல் கோட்டில் ஐந்தாறு போய்விடும். பொருளைக் காட்டி முடிப்பவை இரண்டு மூன்று. படம் போட்டுப் பேச வேண்டியவை மூன்று அல்லது நான்கு, அதில் நான்கு கட்டத்துக்கு உரியது ஒன்றோ இரண்டோதான். எதை எடுப்பது என்று தயக்கம் வந்தால் ‘இந்தச் சொல் அறிவியல் பாடத்திலோ சமூக அறிவியலிலோ மறுபடி வருமா?’ என்று பாருங்கள். ‘வறட்சி’ வரும், ‘ஏற்றம்’ அநேகமாக வராது.

படம் முடிந்ததும் வாக்கியம் கட்டாயம். ஆனால் ‘வாக்கியம் அமை’ என்றால் மறுபடி ‘சிக்கனம் நல்லது’தான் வரும். பாதி வாக்கியத்தைக் கொடுங்கள்: “மாமா கல்யாணத்தைச் சிக்கனமாக நடத்தினார், அதனால் …”, “அவள் கஞ்சத்தனம் பண்ணவில்லை, சிக்கனமாக இருந்தாள், ஏனென்றால் …”. ‘அதனால்’, ‘ஏனென்றால்’, ‘ஆனால்’ மூன்றில் ஒன்று இருந்தால் சொல்லின் பொருள் தெரியாமல் வாக்கியத்தை முடிக்க முடியாது.

ஈராசிரியர் பள்ளி

பாதி வாக்கியம் நாளையே போட்டுப் பார்க்கக்கூடியது. கடைசியாக ஒன்று: முடித்த படங்களைச் சுவரில் ஒட்டுவதா, நோட்டில் வைப்பதா? சொல் நிலைத்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

சொல்மரம்

மரப்படம் சுவருக்கு, நான்கு கட்டம் நோட்டுக்கு. மரம் வளர வேண்டியது, ஆண்டு முழுவதும் கிளை சேரும். அதனால் பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும், பக்கத்தில் ஒரு பென்சில் கட்டித் தொங்கவிடுங்கள். மேலே ஆணியில் அடித்துவிட்டால் அது அலங்காரம்.

நிலைத்ததா என்று பார்க்க, நான்கு கட்டத் தாளின் நடுவில் இருக்கும் சொல்லை ஒரு துண்டுத்தாளால் மறைத்து இரண்டு வாரம் கழித்து வேறு குழுவிடம் கொடுங்கள். கட்டங்களைப் படித்துச் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்க முடியாவிட்டால் படிக்கும் குழு மறந்திருக்கலாம், எழுதிய குழு சரியாக எழுதாமலும் இருக்கலாம். எது என்று தெரிந்துகொள்ள, எழுதிய குழுவிடமே தாளைத் திருப்பிக் கொடுத்து “எந்த வரியை மாற்றினால் அவர்கள் கண்டுபிடிப்பார்கள்?” என்று கேளுங்கள். பெரும்பாலும் ‘இதுபோலத் தெரியும், ஆனால் இது இல்லை’ கட்டத்தைத்தான் திருத்துவார்கள்.